ஏழாவது மாடியில் ஒரு நாய்க்குட்டி

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் நாய்க்கு இடம் வாசலோடு சரி. திண்ணையோரம் படுக்கும், வைக்கோற்போரின் நிழலில் உறங்கும். காலைக்கடனுக்கு அது எங்கே போகிறது என்று எவரும் கேட்டதில்லை. அங்கிருந்து வந்தவர்கள் மிகுந்த தாராவியிலும் ஏறத்தாழ அதே ஏற்பாடுதான். எங்களில் ஒருவர் வளர்ந்தது 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில். அங்கே நாய் ஒரு வீட்டுக்கு உரியதன்று, சந்துக்கு உரியது. நான்கு வீட்டுச் சோறு உண்டு, ஐந்தாவது வீட்டு வாசலில் காவலிருக்கும். மற்றவர் வளர்ந்த மாட்டுங்காவிலோ, நாய் என்பது ஐந்து தோட்டத்துப் பக்கம் மாலை வேளையில் சங்கிலியோடு உலாவக் காண்பது. பூஜை அறையும் சமையலறையும் அடுத்தடுத்து இருக்கும் பழைய மூன்றாம் மாடி வீட்டுக்குள் அதற்கு நுழைவே கிடையாது.

ஆக, நாயை அறிந்தவர்கள்தாம் நாங்கள் இருவரும். நாயோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்கள் அல்லோம். செம்பூரில் ஏழாவது மாடி வீட்டுக்கு முத்து வந்து சேர்ந்த முதல் இரவிலேயே அந்த வேறுபாடு விளங்கிவிட்டது. விடிவதற்குள் கூடத்தில் மூன்று இடம், படுக்கையறை வாயிலில் ஓரிடம், மாட்டுங்காவிலிருந்து வந்து தங்கியிருந்த பாட்டியின் கட்டிலருகே ஓரிடம். காலையில் வாசலில் போட்ட கோலமும் தப்பவில்லை.

முத்து உயர்ந்த சாதி நாயன்று. நண்பர் ஒருவரின் குடியிருப்பில், வண்டி நிறுத்துமிடத்தில் ஈன்ற தெருநாயின் குட்டி. எங்களிடம் வந்தபோது அதற்கு ஒன்பது வாரம். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் கூறுகின்றன. அதற்குத் தக்க காரணம் உண்டு. பிறந்த முதல் மூன்று வாரம் குட்டிக்குத் தானாகக் கழிக்கத் தெரியாது; தாய் நக்கிக்கொடுத்தே கழிக்க வைக்கிறது, படுக்கையையும் தாயே தூய்மை செய்துவிடுகிறது. கால் ஊன்றியதும் குட்டி படுக்கையைவிட்டுச் சற்று விலகிச் சென்று கழிக்கத் தொடங்கும். படுக்குமிடத்தை அசுத்தம் செய்யலாகாது என்னும் பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது. நாம் வீட்டில் சொல்லிக்கொடுப்பதெல்லாம் அந்தப் பாடத்தின் தொடர்ச்சிதான். நெருக்கமான கூண்டில் நாட்கணக்கில் அடைபட்டு, கழித்த இடத்திலேயே படுத்துப் பழகிய குட்டிகளுக்கு இந்த அடிப்படை குலைந்துபோகிறது. அவற்றை வாங்குபவர்கள் இரட்டிப்புப் பொறுமையோடுதான் தொடங்க வேண்டும்.

மறுநாள் காலை நாங்கள் செய்தது, புதிதாக நாய் வளர்க்கும் பலரும் செய்வது: குட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினோம். லிஃப்ட் ஏழாம் மாடிக்கு வருவதற்கு இரண்டு நிமிடம். ஐந்தாம் மாடியில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் ஏற ஒரு நிமிடம். அந்த மூன்று நிமிடம் முத்துவுக்கு மிகுதி. அன்று மாலையே சொசைட்டி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. லிஃப்டில் வளர்ப்பு நாயை ஏற்றக் கூடாதென்று குடியிருப்புச் சங்கங்கள் தடை செய்ய இயலாது என இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எங்களுக்குத் தெரியும். ஆனால் நனைந்த லிஃப்டில் நின்றுகொண்டு அதை எடுத்துக்காட்ட எங்களுக்கு முகமில்லை. வாளியும் துணியும் கொண்டுபோய்த் துடைத்தோம்.

கடிதத்தைவிடக் கடுமையாகப் பேசியவர் கால்நடை மருத்துவர். குட்டியைக் கீழே இறக்கியதே தவறு என்றார். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகள் மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர்ந்து, ஏறத்தாழ பதினாறாம் வாரத்தில்தான் நிறைவுறுகின்றன. அதுவரை, பிற நாய்கள் நடமாடும் தரை குட்டிக்கு ஆபத்து. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தொற்றினால் குட்டி சில நாட்களில் இறந்துபோகலாம். அதோடு மும்பையின் மழைக்காலத்துக்கென்றே ஒரு நோய் இருக்கிறது: எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீரில் நடக்கும் மனிதருக்கும் வரும், நாய்க்கும் வரும். நோயுற்ற நாயின் சிறுநீரிலிருந்து வீட்டாருக்கும் பரவக்கூடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி ஆறு கரைபுரண்டு நகரம் மூழ்கிய பிறகு எத்தனை பேரை அந்தக் காய்ச்சல் படுக்கையில் தள்ளியது என்பது இங்கு வாழ்ந்தோர் நினைவில் இருக்கும்.

இங்கேதான் அடுக்குமாடி வாழ்க்கையின் சிக்கல் தொடங்குகிறது. தோட்டமுள்ள வீட்டில் குட்டியைப் பத்தடி தூரம் கொண்டுபோய் விட்டால் போதும். ஏழாம் மாடியிலோ நான்கு மாதம் ஆகும் வரை கீழே இறக்க வழியில்லை. இறக்க முடிந்தாலும் அதுவரை அடக்கிக்கொள்ளக் குட்டிக்கு வலுவில்லை. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: குட்டிக்கு எத்தனை மாதமோ, அதனோடு ஒன்று கூட்டினால் பகலில் அது அதிகபட்சம் தாங்கக்கூடிய மணி நேரம் வரும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. இது எல்லையே தவிர வழக்கமன்று. உண்டபின், உறங்கி எழுந்தபின், விளையாடி முடித்தபின் என்று பார்த்தால் அரை மணிக்கு ஒருமுறையும் தேவைப்படும். ஆகவே வீட்டுக்குள்ளேயே ஓரிடம் வேண்டும். பின்னர் அதை மறக்கச் செய்து வெளியே பழக்கவும் வேண்டும். ஒரு குட்டிக்கு இரண்டு முறை பாடம்.

முதலில் எல்லோரையும்போல் செய்தித்தாள் விரித்தோம். பாட்டி பொறுக்கவில்லை. எழுத்துள்ள காகிதம் காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்பவர், அதன்மேல் நாய் இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? இந்தி எழுத்தாவது போகட்டும், தமிழ் எழுத்து கூடாது என்று இறங்கி வந்தார். சரஸ்வதி எல்லா மொழிக்கும் பொதுவல்லவா என்று நாங்கள் கேட்டதற்கு விடையில்லை. காகிதத்தில் வேறொரு குறையும் இருக்கிறது. காலடியில் எந்தத் தரையை உணர்ந்து கழிக்கிறதோ, அந்தத் தரையையே குட்டி பின்னர் நாடும். எட்டு ஒன்பது வார வயதில் அந்த விருப்பம் ஊன்றத் தொடங்குகிறது. காகிதத்தில் பழகிய முத்து, சோபாவின்மேல் நாங்கள் வைத்திருந்த வார இதழையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டது.

வழி காட்டியவர் தாராவியிலிருந்து வந்திருந்த அப்பா. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மோரி இருக்கையில எதுக்குத் தாளு?" என்றார். மும்பையின் பழைய ஒற்றையறை வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு மோரியை விளக்க வேண்டியதில்லை. அறையின் ஒரு மூலையில் கால் முழ உயரக் கட்டுச் சுவர், உள்ளே சரிவான தரை, தண்ணீர் போக ஒரு துளை. பாத்திரம் துலக்குவதும் குளிப்பதும் அங்கேயே. எங்கள் வீட்டில் மோரி கிடையாது. ஆனால் சமையலறையை ஒட்டித் துணி துவைக்கும் சிறு பால்கனி இருந்தது. அப்பாவின் கண்ணுக்கு அதுவும் மோரிதான். அவர் சொன்னது எல்லா வகையிலும் சரி: தண்ணீர் உண்டு, வடிகால் உண்டு, மறைவு உண்டு, இடம் மாறாது.

கீழேயிருந்து மண் கொண்டுவந்து கொட்டலாமா என்று மருத்துவரைக் கேட்டோம். எந்த மண்ணில் இறங்கக் கூடாதென்று சொன்னேனோ அதை மேலே கொண்டுவரப் போகிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். எனவே அகலமான பிளாஸ்டிக் தட்டு ஒன்று, அதன்மேல் கழுவக்கூடிய புல்விரிப்பு ஒன்று வாங்கினோம். புல் போன்ற தரையில் பழகினால் பின்னர் வெளியே புல்லிலும் தயங்காது என்பது அதன் நன்மை. மலத்தை எடுத்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். பால்கனிக் குழாயில் கழுவி விட்டால் கீழ்வீட்டாரிடமிருந்து இன்னொரு கடிதம் வரும்.

இடம் கிடைத்துவிட்டது, பழக்கம் வரவில்லை. இரண்டாம் வாரத்தில் பாட்டி தம் முறையைக் கூறினார்: "மூக்கைப் பிடிச்சு அதிலேயே தேய். ரெண்டாம் தரம் பண்ணாது." இந்த வைத்தியம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று, உலகெங்கும் இருக்கிறது, எங்கும் பயன்படுவதில்லை. நாயின் மனத்தில் செயலும் அதன் விளைவும் ஓரிரு நொடிக்குள் சேர்ந்தால்தான் தொடர்புபடும். பத்து நிமிடத்துக்கு முன் செய்ததற்காக இப்போது அடி விழுந்தால், நம் கை வலிக்கும் என்பதை மட்டுமே அது கற்கிறது. கூடுதலாக ஒன்றையும் கற்றுக்கொள்கிறது: மனிதர் முன்னிலையில் கழிப்பது ஆபத்து. அதன் பிறகு கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னும் போகத் தொடங்கும். நாம் நிற்க, தட்டின்மேல் போகவே போகாது.

"தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்" என்று சொல்லாத நாய் வளர்ப்பவர் இல்லை. நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இதையே சோதித்துப் பார்த்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார். தவறு செய்த நாயும் செய்யாத நாயும், உரிமையாளர் கடிந்துகொண்டபோது ஒரே முகத்தைத்தான் காட்டின. குற்ற உணர்வு என்று நாம் படிப்பது, நம் குரலைக் கேட்டு அது கொள்ளும் அச்சம். நாங்கள் முத்துவின் மூக்கைத் தேய்க்கவில்லை. ஆனால் இரண்டு முறை கத்தினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு நாளும் அது பால்கனிப் பக்கமே வரவில்லை.

கத்துவதற்கு மாறாகச் செய்ய வேண்டியது சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. உரிய நேரத்தில் தட்டுக்குத் தூக்கிச் செல்வது, பேசாமல் நிற்பது, கழித்து முடித்த அந்த நொடியிலேயே, அங்கேயே, ஒரு சிறு தின்பண்டமும் ஒரு நல்ல சொல்லும். கூடத்துக்குத் திரும்பி வந்தபின் கொடுத்தால், கூடத்துக்கு வந்ததற்கான பரிசாகிவிடும். தரையை மோந்துகொண்டு வட்டமிடுவது, விளையாட்டைப் பாதியில் விட்டு நழுவுவது ஆகியவை அறிகுறிகள். கண்காணிக்க ஆளில்லாத நேரத்தில் வீடு முழுவதும் திரிய விடாமல், படுக்கையும் தண்ணீரும் தட்டும் உள்ள சிறு இடத்தில் தடுப்பு வைத்துவிட வேண்டும். தண்ணீரைக் குறைப்பது தீர்வன்று, மும்பை வெயிலில் அது கொடுமை. விருந்தினரைக் கண்டதும் குழைந்து சில துளி விடுவது பழக்கக் குறையன்று, பணிவின் அடையாளம். வளர வளர நின்றுவிடும். அடிக்கடி துளித்துளியாகப் போனால் அது நோயாக இருக்கலாம்.

பினாயிலைப் பற்றி ஒரு சொல். மும்பைத் தமிழ் வீடுகளில் அது இல்லாமல் தரை தூய்மையாவதில்லை என்பது நம்பிக்கை. பினாயில் மணம் நம் மூக்கை நிறைத்துவிடும். அதன் அடியில் தங்கிய சிறுநீர் மணம் நாயின் மூக்குக்கு அப்படியே எட்டும், "இங்கேதான் இடம்" என்று அதற்குச் சொல்லும். அமோனியா கலந்த தூய்மைப் பொருள்கள் இன்னும் மோசம். நொதிகள் கொண்ட திரவம் அந்த மணத்தின் மூலத்தையே சிதைக்கிறது. கிடைக்காதபோது, உடனே ஒற்றி எடுத்து, தண்ணீர் கலந்த வினிகரால் துடைக்கலாம். மொசைக் தரையில் மட்டும் வினிகரைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம், மெருகு போய்விடும். மாட்டுங்காவின் பழைய வீட்டுக்காரர்கள் கவனிக்க.

இவ்வளவும் செய்தோம். ஆயினும் ஐந்தாம் வாரத்தில் முத்துவைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாள்தோறும் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பினால் கூடம் நனைந்திருக்கும். பாட்டிக்கு ஒருமுறை கால் வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை; விழுந்திருந்தால் எண்பது வயது இடுப்பு என்னாகியிருக்கும் என்ற எண்ணமே அன்றிரவு எங்களை முடிவெடுக்க வைத்தது. நண்பரிடம் தொலைபேசியில் கேட்டோம். எடுத்துக்கொள்ள அவரால் முடியாது. கீழே தாய் இருக்கிறது, அதோடு விட்டுவிடுங்கள் என்றார். மூன்றரை மாதக் குட்டி, ஊசி முழுமையாகப் போடவில்லை, ஆவணி மழை.

வீட்டு நாயைத் தெருவில் விடுவது குற்றம். பட்டினியோ தாகமோ நேரும் நிலையில் விலங்கைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு தடை செய்கிறது. முதல் முறைக்கான தண்டம் 10 முதல் 50 ரூபாய். மும்பை மாநகராட்சியின் 2006ஆம் ஆண்டுத் தூய்மைத் துணைவிதிகளில், வளர்ப்பு விலங்கு பொது இடத்தை அசுத்தம் செய்தால் 500 ரூபாய். நாய் தெருவை அழுக்காக்குவதற்கு 500. நாயையே தெருவில் விட்டுவிடுவதற்கு 50. தொகைகள் தீர்மானிக்கப்பட்ட காலம் வேறு வேறு என்பது உண்மையே. ஆயினும் அந்த இரவில் இரண்டு எண்களும் அடுத்தடுத்துக் கண்ணில் பட்டபோது பேச்சு எழவில்லை.

மறுநாள் காலை அப்பா ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் கதவருகே கட்டித் தொங்கவிட்டார். தாராவியில் கடை நடத்தியவர். எழுதாத கணக்கை நம்பாதவர். உண்ட நேரம், கழித்த நேரம், இடம், வீட்டில் யார் இருந்தார்கள் என்று நான்கு பத்தி. பத்து நாள் எழுதியதும் விடை எங்கள் கண்முன்னே நின்றது. தட்டில் போனது பெரும்பாலும் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும். தவறானவை ஏறத்தாழ எல்லாமே வேலை நாட்களில், பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில். ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றுகூட இல்லை. காலை ஒன்பதுக்கு நாங்கள் கிளம்பும்போது பால்கனிக் கதவு, மழைச்சாரல் அடிக்கிறதென்று, தாழிடப்பட்டது. பகலில் பாட்டி உறங்குவார். நான்கு மணிக்கு மேல் தாங்க இயலாத குட்டியை ஒன்பது மணி நேரம் தாங்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பழகத் தெரியவில்லை என்று தீர்ப்பெழுதியிருக்கிறோம்.

செய்த மாற்றங்கள் இரண்டே. பால்கனிக் கதவின் கீழே குட்டி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுச் சங்கிலி போட்டோம். தட்டைச் சாரல் படாத மூலைக்குத் தள்ளினோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மா நண்பகலிலும் ஒருமுறை வந்து பார்த்துப்போக ஒப்புக்கொண்டார். அதற்கு மாதந்தோறும் தனியே பணம் கொடுத்தோம். நாய் வளர்க்க நினைப்போர் ஊசி, உணவு, மருத்துவம் என்று கணக்கிடுகிறார்கள்; பகல் நேர ஆளுக்கான செலவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதல் ஆறு மாதத்துக்கு அதை ஒதுக்கிவைத்துவிட்டே குட்டியைக் கொண்டுவருவது நல்லது. நோட்டில் தவறுகள் வாரத்துக்கு ஒன்பதிலிருந்து மூன்றாகி, ஒன்றாகின.

ஊசிகள் முடிந்து, மருத்துவர் சொன்ன நாள் கழிந்ததும் இரண்டாம் பாடம். நனைந்த புல்விரிப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கீழே, சுற்றுச்சுவரோரப் புல்லில் போட்டு, காலை முதல் வேளையில் அங்கே கொண்டுபோனோம். லிஃப்டில் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டோம். தூக்கியிருக்கையில் குட்டி எளிதில் கழிப்பதில்லை. முத்து முடித்ததும் உடனே மேலே திரும்பவில்லை. திரும்பினால், முடித்தவுடன் உலா முடிந்துவிடுகிறது என்றறிந்து அடக்கிக்கொண்டே நிற்கும். முடித்தபின்தான் உலா என்று வைத்தோம். கையில் எப்போதும் காகிதமும் பையும். மாநகராட்சியிடம் நாய்க்கான உரிமமும் வாங்கிவிட்டோம். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும்.

தாராவி மறுசீரமைப்பில் தகுதி பெறும் குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அப்பாவின் சந்திலும் அதே பேச்சுத்தான். மாடிக்குப் போகும்போது சந்துக்கு உரிய நாய் எந்த வீட்டுக்கு உரியதாகும் என்று அவர் ஒருநாள் கேட்டார். நாங்கள் விடை சொல்லும்முன், தம் பழைய வீட்டு வாசலில் படுக்கும் கிழட்டுக் கறுப்பனைத் தாமே கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். வளர்ந்த நாய்க்குப் பழக வருமா என்று பாட்டிக்கு ஐயம். வரும். வளர்ந்த நாய் ஆறு முதல் எட்டு மணி நேரம் தாங்கும். அதற்கு இடத்தையும் வேளையையும் தெரிவித்தால் போதும். அப்பா அப்போதே கேட்டுவைத்தார், முத்துவின் தட்டு இனிமேல் உங்களுக்குத் தேவையா என்று.

தேவைப்படுகிறது. இப்போது முத்துவுக்கு ஒன்றரை வயது. இந்த ஆடியில் பெருமழை கொட்டிய காலையில் அதைக் கீழே அழைத்துச் சென்றோம். லிஃப்ட் கதவு திறந்தது, முத்து மழையைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. மேலே வந்ததும் நேரே பால்கனிக்குப் போனது. தட்டை அடுத்த மழைக்காலம் வரை எடுக்க வேண்டாம் என்று பாட்டி சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். கறுப்பன் பெரிய நாய், சற்று அகலமான தட்டாகப் பார்க்க வேண்டும்.